சம்பளம், வேலை, வீடு: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளியிலிருந்து மூதூர் வரைக்கும், கிளினிக் வரிசையிலும் பஸ்ஸிலும் பாடசாலை வாசலிலும் பெண்கள் கேட்கும் கேள்விகள் இவை. சிலவேளை அவர்களுடைய கணவன்மாரும் கேட்பதுண்டு, கொஞ்சம் கோபத்தோடு. நான் சட்டத்தரணி இல்லை. வழக்கு என்ற அளவுக்கு ஒரு விஷயம் போய்விட்டால் யாரிடம் போவது என்பதையும் இடையில் எழுதியிருக்கிறேன். சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் நீ ஏன் அடுப்படிக்குள் போகிறாய் என்று சிலருக்கு எரிச்சல் வரும். என் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஒரு பெண் காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிட முடியும், பின்னேரம் எத்தனை மணிக்கு வீட்டில் நிற்க வேண்டும் என்பதிலேயே அவளுடைய சம்பளத்தின் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது.

தம்பலகாமம் பக்கம் களை பிடுங்கப் போகிறோம். ஒரே வயல், ஒரே வெயில். ஆண்களுக்கு ஒரு கூலி, எங்களுக்கு அதைவிடக் குறைவு. இதைச் சட்டம் அனுமதிக்கிறதா?

அனுமதிக்கவில்லை என்று ஒருவர் சொல்வார், தடுக்கவும் இல்லை என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை இனம், மதம், சாதி போன்றவற்றோடு ஆண், பெண் என்ற பால் வேறுபாட்டையும் சேர்த்து, இவற்றைக் காரணம் காட்டி எந்தப் பிரசைக்கும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனால் அந்த உரிமையை வைத்து உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால் எதிர்த்தரப்பு அரசாங்கமாகவோ அரச நிர்வாகமாகவோ இருக்க வேண்டும், வயல்காரர் மேல் அந்த வழக்கைப் போட முடியாது. சம பெறுமதியுள்ள வேலைக்குச் சம ஊதியம் என்று சொல்லும் சர்வதேச தொழில் அமைப்பின் 100 ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993 இல் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டு முப்பது வருடம் தாண்டிவிட்டது, தனியார் துறை முழுவதையும் கட்டிப்போடும் ஒரு சம ஊதியச் சட்டம் இன்னும் வரவில்லை.

இருப்பது 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம். தொழிலுக்குத் தொழில் ஆகக் குறைந்த சம்பளத்தை இந்தச் சபைகள் நிர்ணயிக்கும், ஆணுக்கு இவ்வளவு பெண்ணுக்கு இவ்வளவு என்று முன்பு சில தொழில்களில் பிரித்தது போல இப்போது பிரிப்பதில்லை. சரி, அப்படியென்றால் வயலில் ஏன் இரண்டு கூலி? வயலில் சம்பளச் சீட்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை, ஊரில் நடக்கும் கூலிதான் சட்டம். முறைசாரா வேலைகளின் நாட்கூலியை மத்திய வங்கி தொகுக்கும்போதுகூட ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்றுதான் அட்டவணை போடுகிறது, ஏனென்றால் நாட்டில் நடப்பது அதுதான்.

என் யோசனை என்னவென்றால் நாட்கூலியை விட்டுவிட்டு ஏக்கருக்கு இவ்வளவு என்று கொந்தராத்தாகப் பேசுங்கள். பிடுங்கிய களைக்கு ஆண் பெண் தெரியாது. தனியாகப் போய்க் கேட்காமல் குழுவாகக் கேளுங்கள், வேலை முடிந்து காசு வாங்கும்போது கேட்காமல் இறங்குவதற்கு முதல் நாளே கேளுங்கள். களை மிஞ்சினால் விளைச்சல் போய்விடும் என்பது வயல்காரருக்கும் தெரியும், ஆகவே அந்த நேரத்தில் உங்கள் பேச்சுக்குக் கொஞ்சம் பெறுமதி இருக்கும்.

"ஆம்பிளை வேலை பாரம், பொம்பிளை வேலை இலேசு, அதுதான் கூலியும் குறைவு" என்கிறார்கள். அதுவும் நியாயம்தானே?

மூட்டை தூக்குவது பாரம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் எட்டு மணி நேரம் முதுகை நிமிர்த்தாமல் குனிந்து நிற்பதை இலேசு என்று தீர்மானித்தது யார்? கட்டட வேலையில் மேசனுக்குக் கையாளாக நிற்கும் பெண் நாள் முழுக்க மணலும் கல்லும் சுமக்கிறாள். கடற்கரையில் வலை இழுப்பது கண்ணுக்குத் தெரியும் பாரம், அதற்குப் பிறகு மீனை வெட்டி உப்புப் போட்டு வெயிலில் காயவைத்து, மழை இருட்டினால் ஓடிப்போய் அள்ளி, நாய்க்கும் காகத்துக்கும் காவல் இருந்து கருவாடாக்குவது யாருடைய கணக்கிலும் வராது. குடும்பத் தொழிலாக இருந்தால் அதற்குக் கூலியே இல்லை. புள்ளிவிவரத்தில் அவர்களைச் சம்பளமில்லாக் குடும்ப உழைப்பாளர் என்று ஒரு வகைக்குள் போடுகிறார்கள், இலங்கையில் அந்த வகையில் பெரும்பான்மை பெண்கள்.

ஒரு வேலையின் பெறுமதியை அளப்பதற்கு உலகம் முழுக்கப் பழகிவிட்ட வழி ஒன்று இருக்கிறது. வேலைக்கு வேண்டிய திறமை, போடும் உழைப்பு, சுமக்கும் பொறுப்பு, வேலை செய்யும் சூழல் இந்த நான்கையும் பார்க்க வேண்டும். தசைப்பலம் என்பது உழைப்பு என்ற ஒன்றுக்குள் ஒரு பகுதி மட்டும்தான். முன்பள்ளி ஆசிரியையை இந்த நான்கிலும் வைத்துப் பாருங்கள். இருபது முப்பது சின்னப் பிள்ளைகளின் உயிருக்குப் பொறுப்பு, பயிற்சி வேண்டும், தொண்டை போகக் கத்த வேண்டும். கையில் கிடைப்பது ஒரு சிறிய கொடுப்பனவும் பெற்றோர் தரும் மாதக் காசும். அந்த வேலையில் ஏறக்குறைய எல்லாரும் பெண்கள் என்பதற்கும் அந்தக் காசுக்கும் சம்பந்தம் இல்லை என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

கூலி ஒன்றானால் மட்டும் எல்லாம் முடிந்துவிடாது என்பதற்கு மலையகம் உதாரணம். தோட்டங்களில் ஆண் பெண் நாட்சம்பளம் 1984 இல் சமமாக்கப்பட்டது. ஆனால் ஆண்களுக்குக் கொடுக்கும் கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), கான் வெட்டு (வடிகால் வெட்டுவது) போன்ற வேலைகள் கணக்கு முடிந்தால் மத்தியானத்தோடு சரி, கொழுந்து எடுக்கும் பெண் பின்னேரம் நிறுவை முடியும்வரை நிற்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று பிரித்துப் பார்த்தால் தெரியும்.

ஆகக் குறைந்த சம்பளம் இப்போது எவ்வளவு?

தேசிய ஆகக் குறைந்த வேதனச் சட்டம் 2016 இல் வந்தது, அப்போது மாதம் 10,000 ரூபா. 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ஆகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆகவும் கூட்டப்பட்டது. நாளுக்கு 1,200 ரூபா. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. நகரத்தில் புடவைக் கடையிலோ ஃபாமசியிலோ நிற்கும் பிள்ளை இதைவிடக் குறைவாக வாங்கினால் அது சட்டமீறல், "பழகுகிற காலம்" என்ற சாட்டு எடுபடாது.

ஈ.பி.எஃப். பிடிக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கலியாணத்துக்கு அந்தக் காசை எடுக்கலாமாமே?

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டுவார்கள், முதலாளி தன் பங்குக்கு 12 சதவீதம் போட வேண்டும். அதற்கு மேலே ஈ.டி.எஃப். என்ற நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம், அது முழுக்க முதலாளியின் காசு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு, தற்காலிகம், நாட்கூலி, துண்டுக் கணக்கு என்றெல்லாம் சொல்லித் தட்ட முடியாது. அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு கணக்கில் காசு ஏறுகிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டில் வெட்டுவதாகக் காட்டிவிட்டு நிதிக்குப் போடாமல் விடுவது நடக்காத ஒன்றல்ல.

கலியாணக் கேள்விக்கு வருகிறேன். ஆம், கலியாணத்துக்காக வேலையை விடும் பெண் அந்தக் காசை எடுக்கலாம். ஆணுக்கு அந்த வசதி இல்லை. வயதுக் கணக்கிலும் ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50. 1958 இல் சட்டம் எழுதியவர்கள் கலியாணம் என்றால் பெண்ணின் உழைப்பு முடிந்தது என்று நினைத்திருக்கிறார்கள் போல. சலுகை மாதிரித் தெரியும். ஆனால் இருபத்தைந்து வயதில் எடுத்து மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் கொடுத்துவிட்டால் ஐம்பது வயதில் கையில் ஒன்றும் இருக்காது. எடுக்காதீர்கள் என்பது என் கட்சி. மாமியார் வீட்டில் வேறு கட்சி இருக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

அரசாங்க வேலையில் எல்லாருக்கும் ஒரே படிநிலை, ஒரே சம்பளம். அங்கே என்ன பாகுபாடு?

அடிப்படைச் சம்பளத்தில் இல்லை, உண்மைதான். அதனால்தான் நம் வீடுகளில் பெண் பிள்ளைக்கு அரச வேலை என்றால் இவ்வளவு மதிப்பு. இடைவெளி வேறு இடங்களில் இருக்கிறது. மேலதிக நேரம் யார் நிற்கிறார்கள்? கொழும்புப் பயிற்சிக்கு யார் போகிறார்கள்? நாட்டின் ஆசிரியர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் கிட்டப் பெண்கள், ஆனால் எந்த ஊரிலும் அதிபர்கள் கூட்டத்தை எட்டிப் பாருங்கள், அந்தப் பங்கு அங்கே இருக்காது. வெருகலுக்கோ ஈச்சிலம்பற்றுக்கோ பொறுப்பான பதவி ஒன்றில் போவதென்றால் காலை இருட்டோடு பஸ் ஏற வேண்டும், பிள்ளைக்கு யார் சாப்பாடு கட்டுவது என்று யோசித்துவிட்டு எத்தனையோ ரீச்சர்மார் விண்ணப்பமே போடுவதில்லை. விண்ணப்பம் போடாதவரை யாரும் நிராகரிக்கவில்லையே, ஆகவே பதிவேட்டில் பாகுபாடு இருக்காது.

இதை உலக அளவில் ஆராய்ந்தவர் ஹார்வர்ட் பேராசிரியை குளோடியா கோல்டின், 2023 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. வளர்ந்த நாடுகளில் இன்றைக்கு எஞ்சியிருக்கும் சம்பள இடைவெளியில் பெரும்பகுதி ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் இருக்கிறது, அதுவும் முதல் பிள்ளை பிறந்ததோடு விரிகிறது என்று காட்டினார். கூப்பிட்ட நேரத்துக்கு வரக்கூடியவருக்கு அதிகம் கொடுக்கும் வேலைகளில் இது மோசம். நம் ஊருக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை, இரவு ஏழு மணிக்கு மனேஜர் போன் எடுத்தால் யாரால் வர முடிகிறது என்பதைப் பார்த்தால் போதும்.

நேர்முகத்தில் "கலியாணம் எப்போது, பிள்ளை எப்போது" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லியே ஆக வேண்டுமா?

இல்லை. ஆனால் தனியார் இடத்தில் அப்படிக் கேட்கக்கூடாது என்று நேரடியாகத் தடுக்கும் சட்டமும் நம்மிடம் இல்லை. "வேலை நேரத்துக்கு ஒழுங்காக வருவேன், வீட்டில் அதற்கு ஏற்பாடு இருக்கிறது" என்று சொல்லிவிட்டுச் சம்பளத்தைப் பற்றி நீங்கள் கேளுங்கள். கேள்வி கேட்பவர் ஆண் விண்ணப்பதாரியிடம் இதைக் கேட்டிருக்க மாட்டார் என்பதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், அந்த இடம் எப்படிப்பட்டது என்று அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

பிரசவ லீவு எத்தனை நாள்? மூன்றாவது பிள்ளைக்குப் பாதிதான் என்றார்கள்.

அது பழைய கதை. 2018 இல் சட்டங்களைத் திருத்தினார்கள், இப்போது எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள் சம்பளத்தோடு லீவு. கடை, அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கு ஒரு சட்டம் (1954), தொழிற்சாலை முதலான இடங்களுக்கு 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். அரச ஊழியர் என்றால் 84 வேலை நாள் முழுச் சம்பளத்தோடு முடிந்த பிறகு அரைச் சம்பளத்தில் 84 நாளும் சம்பளமில்லாமல் 84 நாளும் எடுக்க வழியிருக்கிறது.

மகப்பேற்றுச் சட்டத்தில் பலர் கேட்காமல் விடும் ஒன்று, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. வேலையிடத்தில் பிள்ளை பராமரிப்பு அறை இருந்தால் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். கர்ப்பம் என்பதற்காக வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது.

இதில் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். லீவுக் காலச் சம்பளம் முழுவதையும் முதலாளிதான் சுமக்கிறார். பல நாடுகளில் சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்து கொடுப்பது போல இங்கே இல்லை. நாலு பேரை வைத்துக் கடை நடத்தும் ஒருவர் "கலியாணமான பிள்ளை வேண்டாம்" என்று சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு நிற்கிறது. அவர் செய்வது பிழை, ஆனால் சட்டம் எழுதிய விதமும் அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறது. எல்லா ஊழியருக்கும், ஆண் பெண் இருவருக்கும், சிறு பங்கு பிடித்து ஒரு பொது நிதியிலிருந்து கொடுத்தால் இளம் பெண்ணைச் சேர்ப்பதில் முதலாளிக்குத் தனியாக நட்டம் இருக்காது.

அப்பாவுக்கு லீவு இல்லையா?

அரச ஊழியருக்கு மூன்று நாள். தனியாருக்குச் சட்டத்தில் ஒன்றுமில்லை, நிறுவனம் விரும்பினால் கொடுக்கலாம். மூன்று நாளில் பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பிறப்புப் பதிவுக்கு ஓடினால் லீவு முடிந்துவிடும்.

மனிசி வேலைக்குப் போகிறாள், நானும் போகிறேன். வீட்டு வேலையில் நான் "ஹெல்ப்" பண்ணுகிறேன். பிறகும் ஏன் சண்டை?

இதை ஓர் ஆண் கேட்டார், கேட்டதற்கு நன்றி. ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை நாலரைக்கு எழும்பி இடியப்பம் பிழிந்து சொதி வைத்து, மத்தியானத்துக்குச் சோறு கறி ஆக்கிக் கட்டி, பிள்ளையைக் குளிக்கவார்த்துச் சீருடை போட்டு, ஏழு மணிக்குள் அவளும் உடுத்து வெளிக்கிட வேண்டும். நீங்கள் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பாடசாலையில் விடுகிறீர்கள், அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் கிளினிக் திகதி யாருக்கு ஞாபகம் இருக்கிறது? காஸ் எப்போது முடியும், ரியூஷன் காசு யாருக்கு இன்னும் கட்டவில்லை, மாமியின் பிறஷர் குளிசை எத்தனை மிச்சம், நாளைக்குப் பிள்ளை என்ன கொப்பி கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் யாருடைய தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது? சொன்னால் செய்வேன் என்கிறீர்கள். சொல்வதற்காக யோசித்துக்கொண்டே இருப்பதும் வேலைதான், அது படுக்கையிலும் நிற்காது.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017 இல் முதல்முறையாக நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று செய்தது, யார் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் கொடுக்கிறார்கள் என்று. சம்பளமில்லாத வீட்டு வேலையிலும் பராமரிப்பிலும் பெண்கள் ஆண்களைவிடப் பல மடங்கு நேரம் போடுகிறார்கள் என்பதுதான் வந்தது. அரச அலுவலர் ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போகாமலே நமக்குத் தெரிந்த விஷயம், ஆனால் எழுத்தில் இருந்தால் வாதம் குறையும்.

பட்டியல் போட்டுச் சரிபாதி பிரிக்கச் சொல்ல மாட்டேன், அது ஒரு கிழமைக்கு மேல் நிற்காது. சில வேலைகளை முழுதாக எடுங்கள். இரவுச் சாப்பாடு உங்களுடையது என்றால் என்ன சமைப்பது, மரக்கறி இருக்கிறதா, பிறகு சட்டி கழுவுவது எல்லாம் உங்களுடையது, அவளிடம் கேட்கக்கூடாது. முதல் கொஞ்ச நாள் உப்புக் கூடும். சாப்பிடுங்கள்.

வீட்டில் இருக்கும் பெண் சும்மாதானே இருக்கிறாள்?

1975 ஒக்டோபர் 24 ஆம் திகதி ஐஸ்லாந்துப் பெண்கள், பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு, வேலைக்கும் போகாமல் வீட்டிலும் ஒன்றும் செய்யாமல் ஒரு நாள் இருந்தார்கள். அப்பாமார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனார்கள், பாடசாலைகள், கடைகள், தொழிற்சாலைகள் பல இயங்கவில்லை. அடுத்த வருடம் அங்கே சமத்துவச் சட்டம் வந்தது.

இன்னொரு விஷயமும் எனக்கு வேடிக்கையாக இருக்கும். நாட்டு வருமானத்தைக் கணக்கிடும் சர்வதேச முறையில், தன் வீட்டுக்கென்று ஒருவர் விளைவித்த நெல்லைச் சேர்ப்பார்கள். அந்த நெல்லைச் சோறாக்குவதைச் சேர்க்க மாட்டார்கள். அதே சோற்றைக் கடையில் பார்சலாக விற்றால் சேர்ப்பார்கள்.

நிலாவெளியில் ஹோட்டல் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் "பெயர் கெட்டுப்போகும்" என்கிறார்கள்.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும், நானும் இந்த ஊர்தான். ஆனால் ஏப்ரல், மே தொடங்கி செப்டம்பர் வரை நம் கரையில் காசு புழங்கும் இடம் அதுதான், வரவேற்பு, கணக்கு, சமையல் என்று நல்ல வேலைகளை வெளியூர் ஆண்கள் எடுத்துக்கொள்ள நம் பெண்களுக்குப் பின்பக்கத்துத் துணி துவைப்பு மட்டும் மிஞ்சுகிறது. நாட்டில் தொழில்படையில் இருக்கும் பெண்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், ஆண்கள் பத்தில் ஏழு பேர். கிழக்கு மாகாணத்தில் பெண்களின் பங்கு அதைவிடவும் குறைவு. பெயர் என்ற ஒன்றைக் காக்க நாம் கொடுக்கும் விலை இது.

சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இரவு வேலை முடிந்தால் வீடுவரை வாகனம் உண்டா? பில்லில் எடுக்கும் 10 சதவீத சேவைக் கட்டணம் எல்லா ஊழியருக்கும் பிரிகிறதா, அல்லது மேசைக்குப் போகிறவர்களுக்கு மட்டுமா? சீசன் முடிந்ததும் நிறுத்துவார்களா? முதல் கேள்விக்குச் சரியான பதில் இருந்தாலே வீட்டில் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

யாராவது கைநீட்டினாலோ அசிங்கமாகப் பேசினாலோ, அது தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவில் வரும் குற்றம், 1995 இல் திருத்தியது, ஐந்து வருடம் வரை சிறை. வேலையிடத்தில் அதிகாரத்தில் இருப்பவர் செய்தாலும் பொருந்தும். செய்தது விருந்தாளி என்றாலும்தான்.

சம்பளம் வந்த உடனே ஏ.டி.எம். அட்டை அவர் கையில். அது சரியா?

உங்கள் உழைப்பு உங்கள் சொத்து. பொதுச் சட்டத்தில் 1923 இலிருந்தே கலியாணமான பெண் தன் பெயரில் சொத்தும் வருமானமும் வைத்திருக்கலாம். அட்டையின் இரகசிய இலக்கத்தை மாற்றுவது சுலபம், மாற்றிய பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்பது சுலபமல்ல, அதை நீங்கள்தான் நிதானித்துப் பார்க்க வேண்டும். அடி உதை, மிரட்டல் இருந்தால் 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் பெண்கள் உதவிச் சேவை.

காணி விஷயம் கொஞ்சம் வேறு. தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு உட்பட்ட ஆணைக் கலியாணம் செய்த திருகோணமலைப் பெண், அந்தக் கலியாணம் இருக்கும்வரை தானும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறாள். அம்மா சீதனமாகத் தந்த வீட்டை விற்கவும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். காரணமில்லாமல் மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் போகலாம். பலருக்கு இது வீடு விற்கப்போகும் நாளில்தான் தெரியவருகிறது.

அப்பாவின் பெமிற் காணி (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்தது) அண்ணனுக்குத்தான் என்கிறார்கள்.

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளி யாரென்று எழுதாமல் பெமிற்காரர் இறந்தால் ஆண் பிள்ளைகளுக்கு முன்னுரிமை இருந்தது. கந்தளாய், முள்ளிப்பொத்தானைப் பக்கக் குடியேற்றக் காணிகளில் எத்தனை சகோதரிகள் இதனால் வெறுங்கையோடு போனார்கள். 2022 இல் அதைத் திருத்திவிட்டார்கள். அப்பா உயிரோடு இருந்தால் இப்போதே பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப்போய் உங்கள் பெயரை எழுதுவிப்பது நல்லது.

சின்னப் பிள்ளை இருப்பதால் என்னை வெளிநாடு போக விடவில்லை. அவருக்கு மட்டும் ஒரு கேள்வியும் இல்லை.

2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வீட்டுப் பணிப்பெண்ணாகப் போவதற்கு ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கக்கூடாது என்றிருந்தது, 2022 இல் பொருளாதாரம் விழுந்து டொலர் தேவைப்பட்டபோது அது இரண்டு வயதாகக் குறைந்தது. பிள்ளையின் நலன்தான் காரணம் என்றால் அப்பாவிடமும் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. கைப்பிள்ளையை விட்டுவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லவில்லை, யாரும் ஆசையாகப் போவதுமில்லை. அறிக்கையைத் தவிர்க்க விசிட் விசாவில் மட்டும் போய்விடாதீர்கள், அங்கே ஏதாவது நடந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் உங்கள் பெயரே இருக்காது.

முதலாளி குறைத்துக் கொடுத்தால், அல்லது நிறுத்திவிட்டால் எங்கே போவது?

முதலில் கடதாசி. சம்பளச் சீட்டு, வரவுப் பதிவின் படம், வட்ஸ்அப்பில் "நாளைக்கு வா" என்று வந்த செய்தி, வங்கிக் கணக்கு, எதுவும் இல்லாவிட்டால் நீங்களே ஒரு கொப்பியில் நாள், நேரம், வாங்கிய காசு எழுதுங்கள். அதைக் கொண்டு மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம், செலவில்லை. வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதம் என்பதை மறக்காதீர்கள், "அடுத்த மாதம் கூப்பிடுகிறேன்" என்று முதலாளி இழுத்தடிப்பதே அது கடந்து போவதற்காக இருக்கலாம். ஐந்து வருடம் முடித்திருந்து, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடம் என்றால் பணிக்கொடையும் உண்டு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம்.

அரச அலுவலகம் செய்த பாகுபாடு என்றால் அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால் அவர்கள் விசாரிக்கும் காலம் கணக்கில் சேராது. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

ஆண்களுக்கே வேலையில்லை. இந்த நேரத்தில் இதெல்லாம் தேவையா?

குறைந்த கூலிக்குப் பெண்ணைப் பிடிக்கலாம் என்று இருக்கும்வரை ஆணின் கூலியும் ஏறாது.

வீட்டிலிருந்து சட்டை தைக்கிறேன், என் தங்கச்சி இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கிறாள். எங்களுக்கு யார் சம்பளம் நிர்ணயிப்பது?

நீங்கள்தான். அதனால்தான் குறைத்துப் போடுகிறீர்கள். மா, தேங்காய், காஸ், நூல், கரண்ட் எல்லாம் கூட்டி மேலே கொஞ்சம் வைத்து விலை சொல்கிறோம், நம் நேரத்தை அதில் சேர்ப்பதே இல்லை, எப்படியும் வீட்டில்தானே இருக்கிறோம் என்ற நினைப்பு. நாட்சம்பளம் 1,200 என்றால் எட்டு மணி நேரத்துக்கு மணிக்கு 150 ரூபா. அதைக் கீழ் எல்லையாக வைத்து, ஒரு சட்டைக்கு மூன்று மணி நேரம் போனால் கூலி மட்டும் 450, அதற்குப் பிறகுதான் நூலும் கரண்டும் மெஷின் தேய்மானமும். இடியப்பத்துக்கு நூறுக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு நாள் மணிக்கூட்டைப் பார்த்துக் குறியுங்கள். கடைக்காரர் கூடச் சொல்லாதே என்பார், பக்கத்து வீட்டு அக்கா குறைத்துக் கொடுக்கிறாள் என்பார். அந்த அக்காவிடம் போய் இரண்டு பேரும் ஒரே விலை சொல்லலாம் என்று முதலில் பேசிவிட்டுக் கடைக்குப் போங்கள்.